அப்பு சாப்பிடாத நாள்

அப்புவின் தடுப்பூசி அட்டையில் இன்னும் உன் கையெழுத்துதான் இருக்கிறது. இன்று காலை மாட்டாஸ்பத்திரியில் அதை நீட்டியபோது, புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இனம்: நாட்டு நாய். நிறம்: செவலை. வயது: ஆறு இருக்கலாம். பக்கத்தில், கட்டமே இல்லாத இடத்தில், ஜாக்கெட் அளவு குறிக்கிற அதே பொடி எழுத்தில் நீ எழுதியிருக்கிறாய்: "பயந்தது. கெட்டதில்லை."

"இது யார் எழுதுனது?" என்று கேட்டார்.

"என் சேக்காளி" என்றேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து லயத்துக் குடியிருப்புப் பெண்களுக்குத் தைத்த துணியைக் கொடுக்கப் போன இடத்தில்தான் நீ அதைப் பார்த்தாய். தோட்டம் கைமாறி, பழைய ஆட்கள் இறங்கிப் போயிருந்தார்கள். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் நாயைச் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லயத்துக்காரர்கள் எட்ட நின்று எறிந்த சோற்றில் உயிர் பிழைத்துக் கிடந்தது. சங்கிலி கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. நீ அதை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்து, தையல் கடைக்குப் பின்னறையில் நான்கு மாதம் வைத்துப் புண் ஆற்றினாய். பழைய பேர் தெரியாது, புதுப் பேர் வைக்க மனமில்லை என்று "அப்பு, அப்பு" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அதுவே பேராகிவிட்டது.

அதற்குள் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. மதுரையில் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். குட்டி என்றால் கேட்டு ஆள் வரும். கழுத்துத் தழும்போடு, ஆளைக் கண்டால் உறுமுகிற ஆறு வயது நாயை யார் கேட்பார்கள்? பஸ் ஏறும் நாளுக்கு முந்தின நாள் அதை எங்கள் வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தாய்.

"பழகுறது அதோட சோலி. காத்திருக்கிறதுதான் ஒன் சோலி. கைய நீட்டாத, கண்ணப் பாக்காத. மூணு மாசம் பொறுடி" என்றாய்.

நான் தலையாட்டினேன். உன் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அது கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அடியில் போய்ப் படுத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் சோற்றைத் தொடாது. என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. கொல்லைக்கதவைத் தாண்டக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. அவள் அப்பாவின் ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அப்புவுக்கு முதுகு மயிர் சிலிர்த்துக்கொள்ளும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய், பொழுது சாய இறங்கி வருகிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் தன் கொல்லையிலேயே தன்னைப் பார்த்து ஒரு நாய் பல்லைக் காட்டுகிறது. கொல்லைக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தில் இறங்கிய இன்னொரு ஜீப்பை இழுக்க வேண்டும் என்று, கொல்லையில் தொங்கிய இரும்புச் சங்கிலியை எடுக்கப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். சங்கிலி கலகலவென்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவர் அலறல். ஓடிப் பார்த்தால் இடது கையில் ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டுகிறது. அப்பு கல்லுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவரும் நடுங்கிக்கொண்டுதான் நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். "இங்க பாரு, பொம்பளப் புள்ள வளர்ற வீடு. நாளைக்குக் காலையில ஜீப்புல ஏத்திட்டுப் போயி மேல எங்கியாச்சும் விட்டுட்டு வந்துருவேன். ஒன் சேக்காளிகிட்ட என்ன வேணா சொல்லிக்க" என்றார்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். மருந்து ஏற்றி முடித்த நாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"அப்பு சாப்டுச்சாடி?"

"சாப்டுச்சு. யாழினி கூட வெளாண்டுக்கிட்டு இருக்கு" என்றேன்.

உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். நீ சிரித்தாய்.

அப்புவைக் காப்பாற்றியது நான் இல்லை. ஊசி போட்ட டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைதான். தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் பத்து நாள் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருங்கள், அது நல்லபடியாக இருந்தால் உங்களுக்கும் வெறிநோய் பயமில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார். கடித்த நாயை விரட்டவும் முடியாது, மலையில் விடவும் முடியாது. விட்டால் அது இருக்கிறதா, செத்ததா என்று யாருக்குத் தெரியும்? அதனால் பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. காலையில் எழுந்ததும் அவர் கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பார். "எந்திருச்சுருச்சா? தண்ணி குடிக்குதா?" என்று என்னைக் கேட்பார். சவாரி முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கொல்லையை எட்டிப் பார்ப்பார். நான் உன் போனுக்குத் தினமும் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்துக்கொள்வேன்.

ஏழாம் நாள் அப்பு சாப்பிடவில்லை. காலைச் சோறு அப்படியே கிடந்தது. மத்தியானம் முட்டை வைத்தேன், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்று மணிக்குப் பார்த்தால் வாயோரத்தில் எச்சில் நூலாக ஒழுகியது. அவர் அதைப் பார்த்தார். கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார்.

"யாழினியக் கூட்டிட்டு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உனக்குப் போன் செய்தேன். அந்த நாயை அறிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். கடித்தது, ஊசி போட்டது, ஒரு வாரமாக நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நீ திட்டவில்லை.

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது. குடிக்கறப்ப தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுக் குடிக்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அப்ப இடது தாடையப் பாரு. வீங்கிருக்கா?"

வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு. பயத்தில் அத்தனை பேரும் பார்க்காமல் விட்டிருந்தோம்.

"அது பல்லுடி. சங்கிலியக் கடிச்சுக் கடிச்சு அந்தப் பல்லு ஏற்கெனவே ஒடஞ்சிருந்துச்சு. ஒங்க வீட்டுக்காரரக் கடிச்சதுல மிச்சமும் போயிருக்கும்" என்றாய். மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு கை அம்புட்டுக் கெட்டியா?" என்று கேட்டாய். "வெரசா மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாய். "இனிமே பொய் சொல்லாதடி. எங்கிட்ட எல்லாரும் பொய்தான் சொல்றாங்க. டாக்டரு, அண்ணன், நர்சம்மா, எல்லாரும். நீயாவது நெசத்தச் சொல்லு."

ஜீப்பைக் கிளப்பப் போனவர் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஜீப்பு வேணாம். நடந்தே போவோம்" என்றார். சங்கிலியையும் தொடவில்லை. என் பழைய நூல் சேலையைக் கிழித்து முறுக்கி எடுத்துக்கொண்டு, அப்புவுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை. அது உறுமியது. இவர் உட்கார்ந்தே இருந்தார். வேர்வை அவர் காதோரம் இறங்குவதை நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து அது உறுமலை நிறுத்தியது. வலி தாங்காமல்தான் நிறுத்தியிருக்கும். அவர் சேலைத்துணியைக் கழுத்தில் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டது.

அப்படி நடந்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது ஒரு லோடு ஜீப்காரன் பின்னாலிருந்து ஹாரனை அழுத்தினான். அப்பு நடு ரோட்டில் அப்படியே படுத்துவிட்டது. இழுத்தாலும் நகரவில்லை. எதிரே தேவாரம் போகிற பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் துணியை என் கையில் திணித்துவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, நாய்க்காக ரோட்ட மறிக்கிறியா?" என்று கத்தினான்.

"ஆமாப்பா, எங்க வீட்டு நாயி. செத்த நேரம் பொறு" என்றார்.

எங்க வீட்டு நாய் என்று அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாள் கஞ்சி குடித்தது. பத்தாம் நாள் வந்தது, போனது. மலையில் கொண்டு விடுகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அதன்பிறகு உனக்கு நான் நிஜம்தான் சொன்னேன். அப்பு யாழினியின் செருப்பைக் கடித்துப் போட்டதையும், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தியதையும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நீ அப்புவைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்கண்ணன் ஒங்கிட்டச் சொல்லிருப்பாரு. நான் பொழைப்பேனாடி?"

உன் அண்ணன் சொல்லியிருந்தார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தார். நான் அடுப்பை அணைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டியாம்டி. ரெண்டு மாசம்கிறாங்க" என்றேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சரி. அப்ப நான் ஊருக்கு வர்றேன். கடையில துணி நெறையக் கெடக்கு" என்றாய்.

வந்தாய். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாளுக்கு ஒரு மணி, அரைமணி என்று மிஷின் முன்னால் உட்கார்ந்து, வாங்கி வைத்திருந்த அத்தனை துணியையும் தைத்து முடித்தாய். ஒவ்வொருத்தியையும் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாய். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். நான் பொத்தானுக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஜாக்கெட் போன மூன்றாம் நாள் நீயும் போய்விட்டாய்.

உன் அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கடைவீதியில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். சொல்லாமல் இருந்திருந்தால் நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாய் என்று நம்புகிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. இப்போதும் யாராவது என் முகத்தைப் பார்த்து நேராக ஒன்றைக் கேட்டால், அன்று போலவே கையருகே சுவர் இருக்கிறதா என்று தேடுகிறேன். பிறகு நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்.