கயிறு மென்ற பன்றிகள்

குடவாசல் அருகில்,
14.10.2004

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நீ ஷார்ஜாவில் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லையப்பா. உன் பெண்டாட்டிக்கு லேசான மயக்கம் என்று போனில் சொன்னது பொய். ஜெனித் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகும் வந்தது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் புழுக்கட்டியாம். மாத்திரை கொடுக்கிறார்கள், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

வீட்டில் பன்றி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், உன் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, பன்னி வளக்குற வீட்ல பொண்ணக் குடுத்தேனே என்று ஒப்பாரி வைத்துவிட்டார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கால்நடை டாக்டரம்மா குந்தவையைக் கையோடு கூட்டிவந்தார். ஊசி குத்தினால் சினைப்பன்றி மிரளுமே என்று பயந்தேன், அந்தம்மா ஊசியையே எடுக்கவில்லை. கொட்டிலில் பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டார், எல்லாம் முண்டியடித்துக்கொண்டு மென்றன, ஊறின கயிற்றைப் பிழிந்து எச்சிலைக் குப்பியில் பிடித்துக்கொண்டார். சாணத்தை அப்பாவே அள்ளிக் கொடுத்தார், நம்ம பன்னிக்கு ஒண்ணும் இல்லைன்னு காட்டுறேன் பாரு என்று மீசையை முறுக்கிக்கொண்டு.

சாணத்தில் ஒன்றும் இல்லை, எச்சில் காட்டிக்கொடுத்துவிட்டது. அதே புழுக்கட்டி பன்றிகளின் உடம்பிலும் இருக்கிறதாம். எல்லாவற்றையும் அடித்துப் புதைக்கிறேன் என்று அப்பா மண்வெட்டியைத் தூக்கினார். டாக்டரம்மா தடுத்து, அதை ஏங்க அடிக்கிறீங்க, அதுக்கே மனுசங்ககிட்டேருந்துதாங்க வந்துருக்கு என்றார். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் நாடா மாதிரி புழு வளருமாம், அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாதாம். அவர் கொல்லைக்குப் போனதைத் தின்றால் பன்றிக்கு, அவர் சரியாகக் கை கழுவாமல் சோற்றைத் தொட்டால் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டி வருமாம். வீட்டில் எல்லாரும் மோஷன் டெஸ்ட் கொடுங்கள் என்றார். பன்றிச் சாணத்தை அள்ளின மனுஷர் தன்னுடையதைக் கொடுக்க வெட்கப்பட்டு அடம் பிடித்தார், நான் கத்தின கத்தலில் கொடுத்தார். எங்கள் யாருக்கும் அந்தப் புழு இல்லை.

அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. குடைந்து கேட்ட பிறகு சொன்னார். போன கிறிஸ்துமஸ் லீவில் வெளிக்குப் போகையில் வெள்ளை வெள்ளையாக நாடா துண்டு மாதிரி விழுகிறது என்று நீ சொன்னாயாமே. ஷார்ஜா தண்ணிடா, சரியாப்போயிடும் என்று சிரித்துவிட்டாராம். பாவி மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! நீயும்தான், பன்றி அடிக்கிற இடத்திலேயே அரைவேக்காடாக அனலில் வாட்டித் தின்னாதே என்று எத்தனை தரம் சொன்னேன், நீயும் உன் கூட்டாளிகளும் எங்கே கேட்டீர்கள். அந்த லீவு முழுக்க நீதான் சமைத்தாய். குழம்பு ஊற்றிப் பிசைந்து ஜெனித்துக்கும் உன் மகள் ஃபிளோராவுக்கும் உருண்டை உருட்டிக் கொடுத்தாய். கண் பட்டுவிடுமே என்று நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நீ தெரிந்து செய்யவில்லை, எனக்குத் தெரியாதா. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. மெஸ்ஸில் அத்தனை பேருக்கு ஆக்கிப்போடுகிற கை உன்னுடையது. கடிதம் கண்டதும் டெஸ்ட் கொடு. புழு இருந்தால் மாத்திரையில் போய்விடுமாம். அதுவரை அடுப்படிப் பக்கம் போகாதே, முதலாளி கத்தினால் கத்தட்டும். ஜெனித்திடம் நான் சொல்லவில்லை. பன்றியால் வந்தது என்று கொட்டிலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நீயும் போனில் உளறிவைக்காதே.

உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். மாதா உன்னைக் கைவிட மாட்டாள். டெஸ்ட் முடிவு தெரிந்ததும் போன் போடு. ஃபிளோராவுக்கு நேற்றிலிருந்து தலைவலி, வெள்ளிக்கிழமை அவளுக்கும் ஸ்கேன். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள். தன் அப்பா வந்து உருண்டை உருட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுவாளாம்.

உன் அம்மா,
அ. எல்சி