மாடி வீட்டு நசீரின் படிவம்

செவ்வாய் இரவு, அடையாறு.

ஆப்கானிஸ்தான் செய்தியைப் பார்த்து அப்பா கத்தினார். "அமெரிக்காவோட பழைய அதிபர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டான், புதுசா வந்தவன் படையோட ஓடினான். தீவிரவாதிங்க வந்து உக்காந்துட்டானுங்க. ஜனங்களை அம்போன்னு விட்டுட்டானுங்க, துரோகிப் பசங்க."

அப்போது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆப்கன் மாணவன் நசீர் வந்தான். விசா நீட்டிப்புப் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அவன் அந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

"நாளைக்கு போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது? வேற வீடு பாத்துக்கப்பா."

டிவி சத்தத்தைக்கூட அப்பா குறைக்கவில்லை. "சரி அங்கிள்" என்று படிவத்தை அங்கேயே விட்டுப் போனான் நசீர். நான் அதை எடுத்து வந்தேன்.

படிவம் இப்போது என் மேசையில். பள்ளி நாட்களில் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நான்தான் போடுவேன். ஒருமுறைகூட மாட்டியதில்லை. முதல் எழுத்தை இந்த டைரிப் பக்கத்தின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். இன்னும் அப்படியே வருகிறது.