எதிர் மலைக்கு எட்டாத டார்ச்

12.10.1957, சனி

லிந்துலைக் கடையில் இன்று ஒரு டார்ச் வாங்கினேன். எதிர் மலைத் தோட்டத்துக்குக் கல்யாணமாகிப் போன என் தங்கச்சி மகள் செல்லம், "சனிக்கிழமை ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன். லைட்ட ஆட்டுங்க மாமா, நீங்கதான்னு தெரிஞ்சுக்குவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நீளமான டார்ச்சின் விலை என்னைப் பார்த்துச் சிரித்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டி டார்ச்சைக் கையில் எடுத்தேன். பகலில் வெளிச்சம் தெரியாதென்று கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் 'நானா', என்னை அரிசி மூட்டை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அழுத்தினேன். அடடா, சூரியனுக்கே கண் கூசியிருக்கும்! எலிகள் பொழுது விடிந்ததென்று பல் துலக்கப் போயின. அந்த நொடியே வாங்கிவிட்டேன்.

ஏழு மணிக்கு எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நின்று ஆட்டினேன். வெளிச்சம் நாலாவது தேயிலைச் செடியோடு களைத்து உட்கார்ந்துவிட்டது.

"என்னண்ணே, மின்மினிப்பூச்சியப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் தங்கச்சி.

"நானாகிட்ட கேட்டுப் பாரு, அரிசி ரூமே பத்திக்கிச்சு."

சிரித்தவள், எதிர் மலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு முகமாவது தெரியட்டுமென்று டார்ச்சை என் முகத்துக்கே அடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றேன். செல்லம் பார்த்திருக்க மாட்டாள். பனியில் எவ்வளவு நேரம் காத்து நின்றாளோ.

நாளை ஞாயிறு. நடுவில் ஓடும் ஆற்றைக் கடந்து எதிர் மலைக்கு நானே நடந்து போய்விடுவேன். அவளோடு பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடும். திரும்பும்போது காலடி பார்த்து நடக்க இந்தக் குட்டி போதும்.