பின்வரிசைக்குப் போகாத சமாதானம்

பழவங்காடி,
திருவனந்தபுரம்.

அன்புள்ள ஜெனிஷுக்கு,

நலம். சவுதியில், தம்மாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் அம்மா என்ற சொல் வந்ததுமே வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுப்பாய்.

உன் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அவரை ஆட்டோவில் சர்ச்சுக்குக் கூட்டிப்போவது நான் என்பது தெரியாது. யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு உங்கள் பேரூர்க்கடை வீட்டு வாசலில் போய் நின்றேன். பைபிள் இருந்த பையை என்னிடம் நீட்டினார். பேசவில்லை. நம் ரிஜிஸ்டர் கல்யாணத்தன்று நிறுத்திய பேச்சு.

என் அப்பாவிடம் சொன்னேன். சாலை பஜார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். போய்க்கோ, ஆனா கணபதிக்குத் தேங்கா உடைக்கிறதுல குறை வெச்சிராத என்றார்.

முதலில் வெளியே, செருப்புகளோடு நின்றேன். ஒருநாள் மழை. உள்ளே போய்விட்டேன்.

சின்ன வயது முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறேன், இவர்களை எது இழுக்கிறது என்று மட்டும் புரியவே இல்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். நானும் பார்த்தேன். பிரசங்கத்தில் பாதிப் பேர் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். பாட்டு எப்போதும் ஆர்மோனியத்துக்குப் பின்னால்தான் வருகிறது. பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபம். அதில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும். உன் அம்மாவின் குரல் அங்கே நின்றுவிடும். வரி முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளும். வாராவாரம்.

சொல்ல முடியாத அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அங்கே போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் அதைத் தாண்டிப் போய்விடலாம். அங்கே சுற்றிலும் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன ஞாயிறு நற்கருணை ஆராதனை. போதகர் ஐயர் சமாதானம் தந்தார். உனக்குத் தெரிந்ததுதான், எனக்குப் புதிது. ஒருவர் கைகளுக்குள் மற்றவர் கை. அப்படியே பெஞ்சு பெஞ்சாக வந்தது. எங்கள் வரிசையில் உன் அம்மா, அவருக்கு அடுத்து சுவரோரம் நான். அவர் கைக்கு வந்தது. திரும்பினார். என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. கொஞ்சம் தாமதித்தார். கொடுத்தார். உள்ளங்கை சுடுகிறது, ஜெனிஷ். அவருக்கு எப்போதும் அப்படித்தானா?

எனக்கு என்ன தெரியும்? தீபாராதனை மாதிரி இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசை கையை நீட்டியபடி நிற்கிறது. சமாதானம் என்னோடு நின்றுபோனது. பின்னாலிருந்து ஒரு அம்மா, சாலைக் கடைக்காரர் மகளாக்கும், கையில கிட்டினத விடுவாளா என்றார். ரெண்டு பெஞ்சு சிரித்தது. உன் அம்மாவின் தோள்களும் குலுங்கின. என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் திருப்பினார். அது உனக்கு மட்டும் உள்ளதில்ல மக்கா, பின்னால குடு என்றார்.

மக்கா.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார். அவன் மெலிஞ்சிட்டானா? முடி கொட்டுதா, அவன் அப்பாவுக்கு மாதிரி? லீவு எப்பம்?

கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று சொல்லிவிட்டேன். வந்தாலும் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று நீ சொல்லியிருப்பது நினைவில்தான் இருந்தது.

நேற்று பேரூர்க்கடைக்குப் போனேன். உன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பழைய கட்டிலைப் பக்கத்து வீட்டு சுதீஷிடம் சொல்லி வெளியே போட்டுவிட்டார். அது ஒருத்தன் படுக்கிறதாக்கும், ரெண்டு பேருக்குக் காணாது என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நாளை புதுக் கட்டில் பார்க்க அவரைக் கூட்டிப்போகிறேன். தேக்கா, பலாவா, அவன்கிட்டக் கேட்டுச் சொல்லு என்கிறார். உன்னிடம் கேட்டதாகச் சொல்லி நானே ஒன்றைச் சொல்லிவிடுவேன். நீ வரும் தேதியை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நம் கல்யாணத்தின்போது அவர் சொன்னதையெல்லாம் நீ மறக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. டிக்கெட் எடு. பத்திரமாக வந்து சேர்.

உன்,
ஆர்யா