தண்ணீர் அறையில் தூங்கும் பேட்ஜுகள்

அனுப்புநர்:
எக்ஸ்ரே பிரிவுப் பணியாளர், பொது மருத்துவமனை
(அணுவிசைச் சரக்குக் கலத்தின் பம்ப் பொறியாளருடைய மனைவி),
இரண்டாம் மாடி, விண்பயண ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு,
விண்பயண ஆணையத் தலைமை அலுவலகம்.

பொருள்: அணு உலையால் இயங்கும் சரக்குக் கலத்தில் செல்வோர் பெறும் கதிர்வீச்சு பேட்ஜில் பதிவாகாமல் போவது – என் கணவரை அடுத்த பயணத்திலிருந்து நிறுத்தி, குழுவினர் நால்வருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிளை அலுவலகம் சென்ற மாதம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் முதல் மனுவுக்குக் கிளை அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. என் கணவரின் பேட்ஜ் அளவு வரம்புக்குள் உள்ளதாம். விரைவாகப் பதில் தந்ததற்கு நன்றி. பேட்ஜ் நலமாக இருப்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதை அணிந்திருக்க வேண்டியவரைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன். ஆகவே இம்முறை விவரமாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. நான் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள். என் மேல்சட்டையிலும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உண்டு. கல்யாணமான புதிதில் என் கணவர், நம் வீட்டில் இருவருக்கும் ஒரே நகை என்று கேலி செய்வார். எனவே கதிர்வீச்சு என்றதும் பதறி எழுதுகிறவள் என்று என்னை எண்ண வேண்டாம். அளவோடு இருந்தால் அதோடு வாழலாம் என்பது என் பிழைப்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அளந்தால்தானே அளவு தெரியும் என்பதுதான் என் புகார்.

2. கலத்தின் அமைப்பு தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் புகாருக்கு அடிப்படை என்பதால் சொல்கிறேன். ஒரு முனையில் அணு உலை, மறுமுனையில் ஆட்கள் தங்கும் அறைகள், நடுவே நீளமான இரும்புச் சட்டம். உலையை ஒட்டி ஒரு கனத்த கவசம். அது மறைக்கும் பகுதிக்குள்தான் அறைகள் இருக்கின்றன. குழுவினர் அதை 'நிழல்' என்பார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நாம் சொல்வது வழக்கம். அங்குள்ள வெயிலோ கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் உறைக்காது. உலையைக் குளிர்விக்கும் பம்ப் அந்த நிழலுக்கு வெளியே இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் யாராவது ஒருவர் போய்த்தான் தீர வேண்டும்.

3. உலையை அணைத்தாலும் அதன் கதிர்வீச்சு உடனே அடங்குவதில்லை. பத்து நாள் ஆறவிட்டுத்தான் அருகில் போக வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் உலை அணைந்திருக்கும்போது விளக்கு, சூடு, மூச்சுக் காற்று எல்லாம் மின்கலத்தில் ஓடுகின்றன. அந்த மின்கலம் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. விதியை எழுதியவரும் மின்கலத்தைத் தேர்ந்தெடுத்தவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை என்று நினைக்கிறேன். குழுவினர் நான்காம் நாளே வெளியே போகிறார்கள். போகாவிட்டால் நால்வரும் குளிரில் விறைத்துப் போவார்கள்.

4. இனிச் சொல்லப்போவதுதான் என் புகாரின் மையம். வெளியே போகிறவர் போகும் முன் தம் பேட்ஜைக் கழற்றித் தண்ணீர் அறையில் மாட்டிவிடுகிறார். சூரியப் புயலின்போது குழுவினர் ஒளிந்துகொள்வதற்காகச் சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகள் வைத்துக் கட்டிய அறை அது. கலத்திலேயே பத்திரமான இடம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'பேட்ஜைத் தூங்கப் போடுவது'. சென்ற பயணம் முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, பம்ப்காரரின் பேட்ஜ் மாதிரி தூங்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று கேப்டன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் நானும் சிரித்துக்கொண்டே பரிமாறினேன்.

5. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வாழ்நாள் வரம்பைத் தொட்டவருக்கு மறுநாளே பறக்கும் வேலை போய்விடும். தரையில் வேறு வேலையும் கிடையாது. எங்கள் கீழ்வீட்டுக்காரர் பேட்ஜைக் கழற்றாமல் நேர்மையாக வேலை செய்தவர். வரம்பு வந்தது. ஒரு பாராட்டுப் பத்திரமும் ஒரு மாலையும் கொடுத்து அனுப்பினீர்கள். இன்று அவர் ஒரு பல்பொருள் கடை வாசலில் நின்று வருகிறவர்களின் பைகளைச் சோதிக்கிறார். எங்கள் குடியிருப்பில் உள்ள அத்தனை பேரும் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகிறோம். போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்க்கிறவர்கள் பேட்ஜைத் தூங்கப் போடாமல் வேறு என்ன செய்வார்கள்?

6. சென்ற பயணத்தில் பம்ப் மூன்று தடவை அடைத்தது. முதல் தடவை மட்டுமே வெளியே போவது என் கணவரின் முறை. மற்ற இரண்டும் குழுவில் இளையவளான மின்பணிப் பெண்ணின் முறை. அவளை எங்கள் வீட்டில் எல்லோரும் 'சின்னவள்' என்போம். இப்போது அவள் கருவுற்றிருக்கிறாள். அந்தச் சேதியைச் சொல்ல வந்தவள், நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். "அக்கா, அது நான் போகவேண்டிய வேலை" என்றாள். பேட்ஜ் தூங்கும் கதையும் அன்று அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அவள் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றபோது, என் கணவர் தடுத்துச் சொன்னாராம்: "நீ உள்ளயே இரும்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க பொறந்தாச்சு. உனக்கு இனிமேதான்." இரண்டு தடவையும் அவள் கையிலிருந்த கருவிப் பெட்டியை வாங்கிக்கொண்டு அவரே வெளியே போயிருக்கிறார். தங்கள் அலுவலகத்தில் உள்ள எந்த அளவிலும் இது பதிவாகவில்லை.

அவர் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அங்கு இருந்திருந்தால் நானும் அவளைப் போகவிட்டிருக்க மாட்டேன். ஆனால் ஐயா, அவர் என் கணவர். அன்று முழுக்க எனக்கு அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

7. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. செய்தித்தாளைச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் படிக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். இது கதிர்வீச்சால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். இல்லை என்று சொல்லத் தங்களிடமும் ஆதாரம் இல்லை. ஆதாரம் அன்று தண்ணீர் அறையில் மாட்டியிருந்தது.

8. தாமே முன்வந்து சொல்லிவிடும்படி அவரிடம் மன்றாடினேன். சொன்னால் நான்கு பேரையும் இறக்கிவிடுவார்கள், நான்கு குடும்பமும் தெருவுக்கு வரும் என்றார். அப்படியானால் நான் எழுதுவேன் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தேநீர் வேண்டுமானால் என் காதில் விழும்படி மகளிடம் சொல்கிறார். சர்க்கரை போட்டாயிற்று என்று நானும் மகளிடமே சொல்லி அனுப்புகிறேன். அடுத்த பயணத்துக்கான பெட்டியை மட்டும் சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பயணத்திலும் அதே கலம், அதே பம்ப். சின்னவளுக்குப் பதிலாக ஒரு புதிய பெண் போகிறாளாம். அவளுக்கும் இன்னும் குழந்தை இல்லை. பம்ப் அடைத்தால் யார் வெளியே போவார் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

பேட்ஜை நம்பாமல் ஆளைச் சோதியுங்கள். இரத்தத்தில் உடைந்த குரோமோசோம்களை எண்ணி, உடல் வாங்கிய கதிர்வீச்சைக் கணிக்கும் பரிசோதனை இருக்கிறது. அதை யாரும் கழற்றி மாட்ட முடியாது. நால்வருக்கும் அதைச் செய்து, முடிவு வரும்வரை என் கணவரின் பெயரைப் பயணப் பட்டியலிலிருந்து நிறுத்தி வையுங்கள்.

வரம்பைத் தொட்டவர்களுக்குத் தரையில் அதே ஊதியத்தில் வேலை கொடுங்கள். பம்ப் எப்படி அடைக்கும் என்பதை அவர்களைவிட நன்றாகப் புதியவர்களுக்கு யார் சொல்லித்தருவார்? கீழ்வீட்டுக்காரரிடமிருந்தே தொடங்கலாம். அவர் தூரத்தில் இல்லை.

பத்து நாள் தாங்கும் மின்கலத்தைக் கலத்தில் ஏற்றுங்கள். அதுவரை அந்தக் கலத்தைப் புறப்படவிடாதீர்கள்.

பேட்ஜைக் கழற்றியதற்காக யாரையும் தண்டிக்காதீர்கள். இம்மனுவை என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். குற்றம் என்று ஏதாவது பதிய வேண்டுமானால் என் பெயரில் பதியுங்கள். என் கணவருக்கோ குழுவினருக்கோ இதில் பங்கில்லை.

இம்மனு தங்கள் கைக்கு வந்ததும் அவருக்கு அழைப்பு வரும். யார் எழுதியது என்று அவர் கேட்கவே வேண்டியதில்லை. அவர் கோபம் சுலபத்தில் ஆறுவதல்ல, எனக்குத் தெரியும். ஆற எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அத்தனை வருஷமும் அவர் எங்கள் வீட்டில், என் கண்ணெதிரே உட்கார்ந்து, என்னோடு பேசாமலே இருக்கட்டும். அதற்குத் தாங்கள் வழிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
எக்ஸ்ரே பிரிவுப் பணியாளர்

இடம்: ஊழியர் குடியிருப்பு
தேதி: மார்ச் 9