ஒடிலியா வீட்டுக் கதவு

ஆல்டர் க்ரீக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. டானாவுக்குப் போன வாரம் மறுபடியும் புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி மொத்தமும் போய்விட்டது. "முட்டை மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிக்கிறாள். தம்பி பெண்டாட்டிக்கென்று நீ பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், நானும் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஒடிலியாவை உனக்குத் தெரியும். போன வருஷத்துப் பனிப்புயலில் பிரசவ வலியோடு துடித்தவளை நான் ரோந்து வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேனே, அந்தக் குவாத்தமாலாப் பெண். ஆற்றோரத்தில் சக்கரம் வைத்த அந்த டிரெய்லர் வீடுகளில் குடியிருக்கிறாள். புருஷன் எலியாசாருக்கு மாட்டிறைச்சி ஆலையில் வேலை. 'என் தம்பி துணை ஷெரீஃப் மட்டுமில்லை, மருத்துவச்சியும்கூட' என்று நீ பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.

செவ்வாய்க்கிழமை காலை வாஷிங்டன் அரசாங்கத்துக் குடியேற்றத் துறை அதிகாரிகள் நாலு பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். எலியாசாரைப் பிடித்து நாடு கடத்த வேண்டுமாம். கையில் ஓர் உத்தரவு இருந்தது. அதில் நீதிபதி கையெழுத்து இல்லை, அவர்கள் மேலதிகாரியே போட்ட கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு தெருவில் பிடிக்கலாம்; வீட்டுக்குள் நுழைய முடியாது. வீட்டுக்காரர்களே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டால்தான் உண்டு. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கும் நன்றாகத் தெரியும், அதனால்தான் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் தலைமை அதிகாரி ஷெரீஃப் பர்டெட் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "உன் குரல் கேட்டா அந்தப் பொண்ணு திறந்துருவா. நீ தட்ட மட்டும் தட்டுப்பா, மத்ததை அவங்க பாத்துக்குவாங்க," என்றார்.

தட்டினேன். "ஒடிலியா, நான்தான் லைல்," என்றேன். அதிகாரிகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஜன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். "அந்த நாய் விஷயமா வந்தீங்களா, மிஸ்டர் லைல்?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு நாய் அவளுடைய பெரிய பையனைக் கடித்துவிட்டது என்று புகார் கொடுத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன், அக்கா. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சங்கிலியை எடுத்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. "உள்ள வாங்க, காபி போடறேன்," என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த நாலு பேரும் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். எலியாசார் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்பனியனோடு அந்தக் குளிரில் வெளியே இழுத்துவந்தார்கள். ஒடிலியா அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

'வீட்டுக்காரப் பெண் தானாகவே உள்ளே அழைத்தார். துணை ஷெரீஃப் சாட்சி' என்று அறிக்கை எழுதினார்கள். அதற்கு நானும் சரி என்றேன். மறுநாள் டீசல் பங்க் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒருத்தர் என் முதுகில் தட்டி, "ஒரு குண்டு சுடாம காரியத்தை முடிச்சுட்டான்யா நம்ம லைல்!" என்றார். கடையே கை தட்டியது. தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். கூசிப்போய் எழுந்து வந்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும்?

உன் தம்பி,
லைல்


லிங்கன்
பிப்ரவரி 14

லைல்,

'அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை. போடாமல் விட்டதற்கும் மனசு கேட்கவில்லை. இரண்டையும் நீயே வைத்துக்கொள்.

தலையை ஆட்டினானாம், தலையை! சட்டப்படி ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொள்கிறாயா? வாயை மூடிக்கொண்டு பொய் சொல்ல எங்கே கற்றாய்? நம் வீட்டில் இல்லை.

நீதிபதி உத்தரவில்லாமல் யார் வீட்டிலும் நுழையக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தை நான் வகுப்பில் எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும். வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, தடதடவென்று தட்டுவேன். "திறங்கடா, அரசாங்கம் வந்திருக்கு!" என்பேன். உள்ளேயிருந்து அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து, "நீதிபதி கையெழுத்தைக் காட்டுங்க!" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் தினம் என்னைச் சபிக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட, "வந்திருக்கறது நமக்கு நல்லது செஞ்ச ஆளா இருந்தா என்ன பண்றது, மிஸ்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. இப்போதும் தெரியவில்லை.

ஆனால் நீ என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அந்த மனிதருக்கு ஒரு வக்கீல் வைத்திருப்பார்கள். அவரைத் தேடிப் போ. நடந்ததை நடந்தபடி சொல். கோர்ட்டில் கூப்பிட்டால் அங்கேயும் சொல். வேலை போனால் போகட்டும். அரசாங்கம் தப்புச் செய்தால் உள்ளே இருக்கிற ஒருத்தன் எழுந்து சொல்ல வேண்டும் என்று ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, சொந்தத் தம்பிக்கு வேறு பாடமா நடத்துவேன்? நீ சொல்லாவிட்டால் ஈஸ்டருக்கு என் வீட்டு வாசலை மிதிக்காதே.

டானாவுக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

லோயிஸ்


ஆல்டர் க்ரீக்
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஒரு மாதமாக ஜீப்பிலேயே வைத்துச் சுற்றினேன். வக்கீலைப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் போன சனிக்கிழமை வெள்ளம் வந்துவிட்டது.

ஆற்றில் பனிக்கட்டிகள் அடைத்துத் தண்ணீர் கரையேறியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். டிரெய்லர் வீடுகளைக் காலி செய்யச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, டி.வி. சத்தம் கேட்கிறது. தட்டினால் சட்டென்று எல்லாம் அணைகிறது. "தண்ணி வருது, வெளிய வாங்க! நான்தான் லைல்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பெயரைச் சொல்லச் சொல்ல உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது. தொப்பியைக் கழற்றினேன், பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டேன். ஓர் ஆள் வரவில்லை.

கடைசியில் சர்ச்சுக்குப் போன் போட்டு பாதிரியாரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் வந்து ஸ்பானிஷில் இரண்டு வார்த்தை சொன்னதும் மூட்டை முடிச்சோடு அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். அதற்குள் முழங்கால் தண்ணீர். ஒரு கிழவரை நான் தூக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். அவர் பேத்தி நனைந்து நனைந்து நிமோனியாவில் கிடக்கிறாள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். அன்றைக்கு நான் கூனிக் குறுகிப்போனேன், அக்கா. யாராவது ஒருத்தர் செத்திருந்தால் அது என் தலையாட்டலில் செத்ததுதான்.

திங்கட்கிழமை வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எலியாசார் இன்னும் காவலில்தான் இருக்கிறார்; அடுத்த மாதம் ஒமாஹா கோர்ட்டில் விசாரணை. அவர்கள் நுழைந்தது செல்லாது என்றால் எலியாசாரை விட்டுவிட வாய்ப்பிருக்கிறதாம். உள்ளே வரச் சொன்னது நிஜமான சம்மதமா, ஏமாற்றி வாங்கியதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ஷெரீஃபுக்கும் தெரிந்துவிட்டது. "கோர்ட்டுல அப்படிப் பேசினேன்னா, அன்னிக்கே பேட்ஜை மேஜைல வெச்சுட்டுப் போய்க்கிட்டே இரு," என்றார்.

நீ சொன்னபடி செய்யப்போகிறேன். இப்போதாவது 'அன்புள்ள' என்று எழுதுவாயா?

லைல்


லிங்கன்
ஏப்ரல் 2

என் அன்புள்ள தம்பிக்கு,

எழுதிவிட்டேன், போதுமா? உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் சில நாளாகத் தூக்கம் இல்லை.

உன் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும் என்பதை அன்றைக்குக் கோபத்தில் நான் யோசிக்கவே இல்லை. டானாவின் சிகிச்சை இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. அந்தக் காப்பீட்டை வெளியே விலைக்கு வாங்க நம் குடும்பத்தால் ஆகுமா? நீ நல்லவனாக நின்று ஜெயிப்பதற்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பொய் சொல் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த நாயைப் பற்றி அவள் கேட்டதும் நீ தலையாட்டியதும் கண நேரத்தில் நடந்தது. 'சரியாக ஞாபகம் இல்லை' என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? பெரிய பெரிய பதவியில் இருப்பவர்களே விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து அதைத்தான் சொல்கிறார்கள், டி.வி.யில் பார்க்கிறோம். அந்த மனிதருக்கு வக்கீல் இருக்கிறார், வேறு வழி கண்டுபிடிப்பார். டானாவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நன்றாக யோசி. கோபித்துக்கொள்ளாதே. இந்த வாரம் கொலாச்சி இனிப்பு பன் சுட்டு அனுப்புகிறேன், கசகசா வைத்தது அவளுக்குப் பிடிக்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


ஆல்டர் க்ரீக்
ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

கொலாச்சி வந்தது. டானா இரண்டு சாப்பிட்டாள். இந்த மாதத்தில் அவள் ஆசையாகச் சாப்பிட்டது அதுதான்.

உன் கடிதத்தை அவளிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டிவிட்டேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "பொய் சொல்லணும்னா சொல்லிக்க. ஆனா எனக்காகச் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே. நான் உன்னைக் கேக்கல," என்றாள். கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள அவளே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நேற்று முன்தினம் கூண்டில் ஏறினேன். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எலியாசாரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நாய், ஜன்னல், தலையாட்டல், காபி, எதையும் விடவில்லை. ஒடிலியா முதல் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தேன்.

அப்புறம் அரசாங்க வக்கீல் எழுந்தார். நான் யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுகிறேன் என்று காட்டப் பார்த்தார். அங்கே நடந்ததை நீ என் வாயால் கேட்பதுதான் முறை.

"இந்த சாட்சியைப் பத்தி யாராவது உங்களுக்கு யோசனை சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க. எங்க அக்கா," என்றேன்.

"ஓகோ! என்ன சொல்லச் சொன்னாங்க?"

"முதல்ல உண்மையைச் சொல்லுன்னாங்க. அப்புறம் ஞாபகம் இல்லைன்னு சொல்லிருன்னாங்க."

அந்த ஆள் விட்டிருக்கலாம். விடவில்லை. "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"லிங்கன்ல டீச்சர். பிள்ளைங்களுக்கு அரசியல் சட்டம் நடத்தறாங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூடக் குனிந்துகொண்டார். ஒடிலியா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ என்னைத் தூக்கி வளர்த்தவள். யாரும் யோசனை சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கையை பைபிளில் வைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை தலையாட்ட என்னால் முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

வெளியே தாழ்வாரத்தில் ஒடிலியா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த நாயை இன்னும் கட்டிப் போடல, மிஸ்டர் லைல்," என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்று மாலையிலேயே வேலை போய்விட்டது. தீர்ப்பை ஒரு வாரத்தில் சொல்வதாக நீதிபதி சொல்லியிருக்கிறார். டானாவின் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ உதவி நிதி இருக்கிறதாம், நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

லைல்


லிங்கன்
மே 3

அன்புள்ள லைல்,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே பேப்பர் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. 'லிங்கனில் அரசியல் சட்டம் கற்பிக்கும் சகோதரி' என்று போட்டிருந்தார்கள். உன் பெயர் லைல் குபிசெக் என்று முழுசாக இருந்தது. இந்த ஊரில் குபிசெக் என்று எத்தனை டீச்சர் இருக்கிறோம்?

வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மிஸ், அது நீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். கூச்சல் போடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் மட்டும், "உங்க தம்பிக்கு வேலை போயிருச்சா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றேன்.

நீ கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள். என்னிடம் அதை வைத்துக்கொள்ள இடமில்லை. டானாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. அவள் நோயை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உன் சுமை என் தலையில் வந்து விழுமே என்ற பயமும் அதில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நான் வருகிறேன். என் சேமிப்பில் இருப்பது அவள் சிகிச்சைக்கு. வேண்டாம் என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பேப்பரைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது உன்மேல் கோபம். அப்புறம் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்களோ என்ற பயம். உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் அழுதேன். இத்தனையும் முடிந்து, நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் என்ன ஆனார் என்று நான் யாரையுமே கேட்கவில்லை. பேப்பரில் என்னைப் பற்றிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அவரைப் பற்றிய வரியைத் தேடவே இல்லை. ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நான் என்னதான் சொல்லிக் கொடுத்தேன், லைல்?

நீதிபதி சொன்ன ஒரு வாரம் தாண்டிவிட்டது. எலியாசார் வீட்டுக்கு வந்துவிட்டாரா, தம்பி?

உன் அக்கா,
லோயிஸ்