தெருவுக்கு ஓர் அம்மன் பாட்டு

செவ்வாய், இரவு.

இந்த ஆடிக்கு அம்மன் பாட்டு ஆல்பம் கிடையாது. பாட்டுக் கம்பெனி மேலாளரே போனில் உறுதி செய்தார். சிடி விற்பதில்லையாம். கலா பாடிக் கொடுத்த எட்டுப் பாட்டில் ஒன்றை மட்டும் இணையத்தில் விடுவார்களாம்.

செய்தி எழுதும் முன் பாடகி கலாவைப் பார்க்கத் திருமுல்லைவாயில் போனேன். கலங்கியிருப்பார் என்று நினைத்தேன். அவரோ மைக்செட் துரையை மடக்கிப் பிடித்திருந்தார்.

"போன்ல பாட்டு போட்டியே நைனா, கூழ் ஊத்தசொல்லோ நடுவுல இன்னா வந்துச்சு?"

"பனியன் விளம்பரம்க்கா. பூசாரி இன்னும் என்னாண்ட பேசல."

"நான் பென்டிரைவுல தரேன். விளம்பரம் வராது. அந்தந்தத் தெரு அம்மன் பேரை வெச்சே பாடித் தரேன்."

"கம்பெனி உடுமா?"

"வேணான்னு சொன்ன ஏழு பாட்டையும் என் பேருக்கே திருப்பி எழுதிக் குடுன்னு கேட்டுகீறேன்."

துரை அங்கேயே முத்தாபுதுப்பேட்டை விழாக் கமிட்டிக்குப் போன் போட்டான். தலைவர் ஒன்றுதான் கேட்டார்: "பக்கத்துத் தெருவுக்கும் இதே மெட்டா?"

"வேற மெட்டு," என்றார் கலா, யோசிக்காமல். ஏழு பாட்டு, ஏழு தெரு.

போகும்போது செய்திக்கு 'ஆல்பம் காலம் முடிந்தது' என்று தலைப்பு வைத்திருந்தேன். அதை இப்போது அடித்து நீக்கிவிட்டேன். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி அவர்களிடம் கேட்கவேயில்லை.

உரிமையைத் திருப்பித் தரும் கடிதம் வெள்ளிக்கிழமை என்கிறார் மேலாளர். வந்தால் சனிக்கிழமை அயனம்பாக்கத்தில் ஒலிப்பதிவு. வராவிட்டால் அதே சனிக்கிழமை காலை கலா கம்பெனி வாசலுக்குப் போகிறார். நானும் போவேன். அதுவரை செய்தி என்னிடமே இருக்கட்டும்.